உருக்குப் பானையருகே ஆறு வாரம்

மான்டிவிடியோ
14 ஏப்ரல் 1993

அன்புள்ள நெலிதா அக்காவுக்கு,

நான் நலம். ஈரக் காற்று வீசும் நாட்களில் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹெர்லி வீட்டின் கூரை ஒழுகுவது நின்றதா? ஒன்பது வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு இப்போது கூரையை விசாரிக்கிறானே என்று எண்ணாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் பொம்மைக் கார் சேகரிப்பது உனக்குத் தெரியும். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த, விரல் நீளக் கார்கள். பெரிய கம்பெனிக் கார்கள் யாரிடமும் கிடைக்கும். நான் தேடுவது சின்னப் பட்டறைகள் நாலைந்து வருடம் செய்துவிட்டு மூடிப்போனவற்றை. இங்கே எங்கள் சங்கம் நடத்தும் இதழில் 'மங்கங்கா' பற்றி எழுதப் போகிறேன். ஆமாம், நம் மங்கங்காதான். அப்பா உலோகம் உருக்கிய, நீ ஆபீசில் உட்கார்ந்த, நானும் கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்த அதே பட்டறை.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பாலாடை நிறத்தில் ரொட்டிக்கடை வேன். அடித்தட்டில் பெயரே இல்லை. வால்பரைசோவில் இன்னொரு சேகரிப்பாளர் இது பிரேசிலில் செய்தது என்று அடித்துச் சொல்கிறார். உற்பத்திப் பதிவேட்டை எழுதியவள் நீ. எந்த மாதம் வார்த்தார்கள், ஏன் பெயர் பொறிக்கவில்லை என்று மட்டும் எழுது.

அன்புடன்,
எல்வியோ


ஹெர்லி
2 மே 1993

எல்வியோவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிவிட்டேன்.

அம்மா செத்தபோது உனக்கு இரண்டு தந்தி அடித்தேன். மூன்று மணி நேரக் கப்பல் பயணம். நீ வரவில்லை. அப்பாவின் சாவுக்கு வந்தாய். காலையில் வந்து, அலமாரி மேல் இருந்த கார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாயங்காலக் கப்பலில் போனாய். மனிதர்கள் செத்தால் உனக்கு முழங்கால் வலி. தகர வண்டிக்கு ஒன்றென்றால் கடிதம் வருகிறது.

அந்தப் பட்டறையைப் பற்றி என்னிடம் கேட்க உனக்குத்தான் மனம் வரும். உருக்கிய உலோகத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டு, நல்ல துத்தநாகத்தைத் திருடி விற்றதாக அப்பா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை டைப் அடித்தவள் நான். முதலாளி தோன் அத்திலியோ வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடிம்மா, பிழை இல்லாம அடி" என்றார். அப்போது நீ ஆற்றுக்கு அக்கரையில் ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தாய்.

பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. திறக்க மாட்டேன்.

கூரை ஒழுகுகிறது.

நெலிதா


மான்டிவிடியோ
11 மே 1993

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலம் என்று உன் கடிதத்தின் சூட்டிலிருந்தே தெரிகிறது.

முதலில் ஒன்று. அவை தகர வண்டிகள் அல்ல. தகரம் மடித்துச் செய்வது, இது வார்ப்பு. பட்டறை ஆபீசில் நான்கு வருடம் உட்கார்ந்தவள் இப்படிப் பேசலாமா?

சாவு, தந்தி எல்லாம் எழுதிவிட்டாய். அவற்றுக்கு இப்போது பதில் சொல்லி யாருக்கு லாபம்? நான் கேட்டது ஒரு வேனைப் பற்றி. நீ சொல்லாவிட்டால் வால்பரைசோக்காரர் சொல்வதே அச்சாகும். நம் மங்கங்கா பிரேசில்காரன் பெயரில் போகும். உனக்குச் சம்மதமென்றால் பதிவேட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கு. சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டையே ஆட்டி வைத்தவள்தானே நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எல்வியோ


ஹெர்லி
30 மே 1993

எல்வியோவுக்கு,

நலம். சூடு இருக்கிறது, ஆகவே உயிரும் இருக்கிறது.

உன் வால்பரைசோக்காரனிடம் சொல்: அவனுக்குக் கண்ணும் இல்லை, அறிவும் இல்லை. பதிவேட்டைத் திறக்காமலே சொல்கிறேன். ரொட்டி வேன் முதன்முதலில் வார்த்தது 1958 மார்ச். அச்சில் எழுத்து வெட்டுகிறவருக்கும் தோன் அத்திலியோவுக்கும் கால்பந்துச் சண்டை வந்தது. அவர் உளியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மே மாதம் சமாதானமாகித் திரும்பி வந்தார். அந்த இரண்டு மாத வேன்களில் பெயர் இருக்காது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் பூதக்கண்ணாடியில் முன்விளக்கைப் பார். வெள்ளிப் பொட்டு இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. இடது பொட்டு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அம்மா சமையலறை மேசையில் தீக்குச்சி நுனியால் வைத்த பொட்டு. அவள் பார்வை கொஞ்சம் ஒருக்களித்திருக்கும், மறந்துபோனதா? பிரேசிலில் எந்த இயந்திரமும் அப்படி வைக்காது.

கேட்டது கிடைத்துவிட்டது. இனி என்னைத் தொந்தரவு செய்யாதே. ஒன்று மட்டும்: அப்பாவை அந்தக் கட்டுரைக்குள் இழுக்காதே.

நெலிதா


மான்டிவிடியோ
20 ஜூலை 1993

அன்புள்ள அக்கா,

நலம். குளிர் எலும்பைக் கடிக்கிறது. அங்கே எப்படி?

இடது பொட்டு மேலேதான் இருக்கிறது! என்னிடம் இருக்கும் ஏழு வேன்களிலும். சங்கத்துக் கூட்டத்தில் உன் கடிதத்தின் அந்தப் பகுதியை வாசித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். வால்பரைசோக்காரர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்.

கட்டுரையை முடித்துவிட்டேன். கடைசிப் பகுதியை இதில் எழுதுகிறேன்:

"மங்கங்கா கார்களில் ஒரு பகுதி மட்டும் நாளடைவில் விரிசல் விட்டு, உப்பி, பொடிந்துவிடுகிறது. நாற்பத்தொரு கார்களை ஒப்பிட்டதில், பொடிபவை அனைத்திலும் சக்கரக் கம்பியின் முனை சுத்தியலால் தட்டப்பட்டிருக்கிறது. மற்றவற்றில் அது இயந்திரத்தால் வட்டமாக அழுத்தப்பட்டிருக்கிறது. அந்த இயந்திரம் பழுதாகிக் கிடந்தது 1959 ஜூலையிலும் ஆகஸ்டின் முதல் பாதியிலும் மட்டுமே. எனவே கெட்ட உலோகம் வார்க்கப்பட்டது அந்த ஆறு வாரங்களில்தான். துத்தநாகத்தில் காரீயம் கலந்தால் இப்படி ஆகும். குற்றம் உருக்குநருடையது, அவரே பின்னர் அதை ஒப்புக்கொண்டார்."

அப்பாவின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை மறைக்க முடியாது. வரலாறு எழுதுகிறவனுக்கு அப்பா கிடையாது, அக்கா.

எல்வியோ


ஹெர்லி
26 ஜூலை 1993

எல்வியோ,

என் நலத்தை விடு.

வரலாறு எழுதுகிறவனுக்கு அப்பா கிடையாதாம்! பிறகு யார் சோற்றைத் தின்று வளர்ந்தான் அந்த வரலாற்றாசிரியன்?

அவர் செய்தது தப்பு. அதை உன்னைவிட அதிகமாகச் சொன்னவள் நான். பெட்டி பெட்டியாகக் கடைகளிலிருந்து கார்கள் திரும்பி வந்தபோது பிரித்தவள் நான். மூடியைத் திறந்தால் சாம்பல் நிறப் பொடிக்குள் சக்கரங்கள் மட்டும் கிடக்கும். பட்டறை மூடியது. பதினேழு பேர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு பதினொரு வருடம் அப்பா ரயில்வே கூடத்தில் மூட்டை தூக்கினார். அந்தப் பதினொரு வருடமும் நான் அவருக்குச் சமைத்துப் போட்டேன்; முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் போச்சாஸ் பந்து உருட்ட கிளப்புக்குக் கிளம்பினார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போறீங்க? அவங்க பொழப்பையும் சேத்துத்தானே கெடுத்தீங்க?" என்றேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். சாகும்வரை அந்தப் பக்கம் போகவில்லை.

போதும். அந்த மனிதர் தன் தப்புக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டார். அந்தப் பத்தியை எடு. எடுக்காவிட்டால் உன் இதழின் ஆசிரியருக்கு நானே எழுதுவேன்.

நெலிதா


மான்டிவிடியோ
15 ஆகஸ்டு 1993

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். குளிரில் முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன். அதனால்தான் தாமதம்.

இதழ் அக்டோபரில்தான் அச்சுக்குப் போகிறது. அவசரமில்லை. இங்கே ஈரம் அதிகம். பொடிந்துகொண்டிருக்கும் கார்களைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, அரிசி நிரப்பி வைத்திருக்கிறேன். அப்படியும் நிற்கவில்லை. போன மாதம் ஓர் ஆம்புலன்ஸ் வண்டி கையில் எடுத்ததும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே அரிசிமாவு போல் இருந்தது.

நீ அப்பாவிடம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மா எழுதவில்லை.

வேறு என்ன? உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

எல்வியோ


ஹெர்லி
9 செப்டம்பர் 1993

எல்வியோ,

நான் நலமாக இல்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

நீ பத்தியை எடுப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் ஆசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன். தேதி தவறு என்று காட்டி உன் மூக்கை உடைக்கலாம் என்று முப்பத்து மூன்று வருடம் கழித்துப் பதிவேட்டைத் திறந்தேன்.

உன் தேதி சரி. அழுத்து இயந்திரம் நின்றது ஜூலை 2. திரும்ப ஓடியது ஆகஸ்டு 17.

அதே பக்கத்தில், எனக்கு இருபத்து நான்கு வயதில் இருந்த அழகான கையெழுத்தில், இன்னும் இரண்டு வரி இருக்கிறது. "ஜூன் 29. உருக்குநர் நெரேயோ பெர்த்தொலாசி, வலது கையில் தீக்காயம், விடுப்பு. மாற்று ஆள்: எல்வியோ பெர்த்தொலாசி." "ஆகஸ்டு 18. நெரேயோ பெர்த்தொலாசி வேலைக்குத் திரும்பினார்."

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இறைச்சியை வெட்டிக் கொடுத்தவள் நான்தான். அதை எப்படி மறந்தேன்? கார்கள் திரும்பி வந்தது அடுத்த வருடம். எல்லா மாதத்துச் சரக்கும் கலந்து வந்தது. எந்த வாரத்தில் வார்த்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரே நான்தான் என்றார். யாரும் மேலே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பத்தொரு காரைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஆறு வாரத்தைக் கண்டுபிடித்தவன் நீ. அந்த ஆறு வாரம் உருக்குப் பானையருகே யார் நின்றது? எனக்கு ஒரே ஒரு பெயர் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

நெலிதா


ஹெர்லி
21 அக்டோபர் 1993

எல்வியோ,

நாற்பத்திரண்டு நாள். தபால்காரர் வரும்போது நான் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன நெலிதா, இந்த வயசுல காதல் கடிதமா?" என்கிறாள்.

முழங்கால்தான் வீங்கியிருக்கிறது. கை நன்றாகத்தானே இருக்கிறது?

நெலிதா


மான்டிவிடியோ
4 நவம்பர் 1993

அக்கா,

நான்.

நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் மீதியையும் எழுத வேண்டியிருக்கிறது. கிழித்துப் போட்டாலும் சரி.

எனக்கு இருபது வயது. ஸ்கூட்டர் வாங்கும் வெறி. ரயில் பாதைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில் துத்தநாகப் பாளத்துக்கு நல்ல விலை கொடுத்தான். பழைய காரீயத் தண்ணீர்க் குழாய்கள் அவனிடம் குவியலாகக் கிடந்தன. தோன் அத்திலியோ எடையைத்தான் பார்ப்பார். பாளத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், குழாயைக் கொண்டுவந்து பானையில் போடுவேன். வார்த்த கார்கள் பளபளவென்று இருந்தன. சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த ஃபெர்ராந்தே ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா எல்வியோ, பானையில வேற வாடை வருது?" என்றார். "உங்க மூக்குல சளி" என்றேன். அடுத்த மார்ச்சில் ஸ்கூட்டரோடு கப்பல் ஏறிவிட்டேன். கார்கள் இப்படிப் பொடியும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்த வருட நவம்பரில் அப்பா எழுதினார். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. பேசுகிற மாதிரியேதான் அவர் எழுதுவார்: "பெட்டி பெட்டியாத் திரும்பி வருது. நீ பானையில எதப் போட்டேன்னு எனக்கு வெளங்கிருச்சு. நான்தான்னு சொல்லிட்டேன். எனக்கு அம்பத்தி நாலு வயசு, உனக்கு இருபத்தொண்ணு. சிறைக்குப் போற வயசா அது? இப்ப வராத. உங்கக்காகிட்ட மட்டும் என்னிக்காவது நீயே சொல்லிரு. அவ ரொம்பக் கோவமா இருக்கா."

நான் சொல்லவில்லை. முதலில் பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அவர் சாவுக்கு வந்தபோது சொல்லத்தான் வந்தேன். நீ வாசலில், "வந்துட்டாரு துரை" என்றாய். கார்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா கடைசி வருடம், "நான் போறதுக்குள்ள அவகிட்டச் சொல்லு" என்று எழுதினாள். அதையும் செய்யவில்லை. செய்யாமல் அவள் சவப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்க முடியவில்லை.

கட்டுரையில் அந்தத் தேதிகளை ஏன் எழுதினேன் என்று நீ கேட்கலாம். தேதி இல்லாமலும் கட்டுரை நிற்கும். எழுதினேன். உனக்கும் அனுப்பினேன். பெயரை எழுதத்தான் கை வரவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது.

இதழ் வந்துவிட்டது. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். பதினோராம் பக்கத்தைப் பார். சங்கத்தில் நான் வகித்த செயலாளர் பொறுப்பை விடச் சொன்னார்கள். விட்டுவிட்டேன். "தன் அப்பாவையே வித்துக் கட்டுரை எழுதினவன்" என்று ஒருவர் என் காதில் விழும்படி சொன்னார்.

எல்வியோ


ஹெர்லி
12 டிசம்பர் 1993

எல்வியோவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவது ஒன்பது பக்கம். அதில் இருந்த வார்த்தைகளை நம் அம்மா கேட்டிருந்தால் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள்.

பதினோராம் பக்கத்தைப் படித்தேன். "அந்த ஆறு வாரம் உருக்குப் பானையருகே நின்றவன் இந்தக் கட்டுரையை எழுதுபவன். உருக்குநர் நெரேயோ பெர்த்தொலாசி அப்போது தீக்காயத்துடன் வீட்டில் இருந்தார். பின்னர் பழியை ஏற்றார்." பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை போச்சாஸ் கிளப்புக்குப் போனேன். பெண்கள் உள்ளே போகும் இடமில்லை. போனேன். மங்கங்கா ஆட்களில் இரண்டு பேர்தான் மிச்சம். ஃபெர்ராந்தேவுக்கு எண்பத்து நான்கு, காது செவிடு. பெலிசாரியோவுக்கு எண்பது. நிழலில் உட்கார்ந்து மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடி வாசித்தேன். முடித்ததும் ஃபெர்ராந்தே, "சத்தமா வாசிம்மா, ஒண்ணும் விழல" என்றார். அதனால் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்: "எங்கப்பா திருடல! திருடினது எந் தம்பி!"

ஃபெர்ராந்தே பெலிசாரியோவைப் பார்த்தார். "இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? அது தெரிஞ்ச கதைதானே."

"யாருக்குத் தெரிஞ்ச கதை?" என்று அதே சத்தத்தில் கேட்டேன்.

"எல்லாருக்கும்தான். பானைகிட்ட யாரு நின்னான்னு பக்கத்துல நின்ன எங்களுக்குத் தெரியாதா? ஒங்கப்பன் எங்கள எல்லாம் கூட்டிவச்சுச் சொன்னான், 'பையன் பண்ணிட்டான், மன்னிச்சுருங்க, வாயத் தொறக்காதீங்க'ன்னு. ரெண்டு பேரு திட்டினாங்க. அப்புறம் சரின்னுட்டாங்க."

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

பெலிசாரியோ மாத்தேக் குவளையைக் கீழே வைத்தார். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம். ஆபீசுல ஏட்ட எழுதினது நீதானே."

பிறகு அவர் கேட்டார்: "ஒண்ணு மட்டும் எங்களுக்குப் புரியல. சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஏன் அவன் வராமப் போனான்? ஒரு வருசம் அவனுக்காக ஒரு பந்த எடுத்து வச்சிருந்தோம். எங்க மேல என்ன வருத்தம் அவனுக்கு?"

எல்வியோ, எனக்கு அதற்குப் பதில் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபெர்ராந்தேவுக்குக் காது கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. பெலிசாரியோ எழுந்து போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நீ ஆறு வாரம் செய்தாய். நான் பதினொரு வருடம், தினம் மூன்று வேளை, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒருநாள்கூட, "நான் இல்லம்மா" என்று சொல்லவில்லை. நான் உன்னை வெறுத்துவிடக் கூடாது என்று என்னிடம் வெறுப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் வீண். நான் உன்னையும்தான் வெறுத்தேன்.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க என்னிடம் என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தெரியவில்லை. இதை யாரிடமாவது பேசாவிட்டால் எனக்கு மார் வெடித்துவிடும். பேசக்கூடிய ஆள் இந்த பூமியில் நீ ஒருவன்தான். அதுதான் என் தலையெழுத்து.

ஜனவரி முதல் வாரம் வா. அப்பா எழுதிய கடிதத்தைக் கையோடு எடுத்து வா. கார் ஒன்றுகூட என் கண்ணில் படக் கூடாது. கப்பல் துறைக்கு நான் வருகிறேன். நீ என்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டாய், நரைத்துவிட்டேன். நீல நிறச் சட்டை போட்டிருப்பேன்.

நெலிதா